தெரியாது என்று சொல்லத் தெரியாத வண்டி

அலுவலகத்தில் அவளை 'இல்லன்னா' என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே கூப்பிடுகிறவர்களும் உண்டு. அவளும் திரும்பிப் பார்ப்பாள். யார் நிரலில் எந்த மெத்தட் எழுதிக்கொண்டு வந்து காட்டினாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி அது. வாடிக்கையாளர் எண்ணைக் கொடுத்தால் இது வாடிக்கையாளரைத் திருப்பித் தரும் என்பார்கள். "சரி, இல்லன்னா?" என்பாள். அப்படி ஒரு ஆளே கிடையாது என்றால் எதைத் திருப்பித் தரும்? பக்கத்து மேஜைக்காரன் தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று சொன்ன அன்று, அவள் வாயைத் திறப்பதற்குள் அறையே ஒரே குரலில் "இல்லன்னா?" என்றது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

அறை என்றால் டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. ஆறு மேஜை, ஒரு தண்ணீர்க் கேன், எப்போதும் லேசாக ரப்பர் வாசனை. லாரி, வேன், டேங்கர் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு வண்டி எங்கே போகிறது என்று திரையில் காட்டும் நிரல்கள் எழுதுவது அந்த ஆறு பேரின் பிழைப்பு.

மெத்தட் என்பது ஒரு கேள்வி. அதன் ரிட்டர்ன் டைப் என்பது அந்தக் கேள்விக்கு எந்த மாதிரிப் பதில் வரும் என்று முன்கூட்டியே கொடுக்கும் வாக்கு. எண் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தால் எண்தான் தர வேண்டும், பெயர் என்றால் பெயர். புதிதாக எழுத வருகிறவர்கள் நல்ல நாளை மட்டும் மனதில் வைத்து வாக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது அவளுடைய குறை. பதிலே இல்லாத நாளில் திண்டாடுவார்கள். சிலர் பூஜ்யத்தைத் தருவார்கள். ஒரு கிடங்கில் எடை போடாத மூட்டைகளுக்கெல்லாம் பூஜ்யம் கிலோ என்று பதில் போய், காற்றாகக் கணக்குப் பார்த்து ஏற்றிய சரக்கில் வண்டியின் அச்சு முறிந்தது. வேறு சிலர் வெறுங்கையைத் தருவார்கள். வாங்குகிறவன் கையைப் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டு நடப்பான், நாலு தெரு தள்ளித் தடுக்கி விழுவான், எங்கே ஏமாந்தோம் என்று அவனுக்கே தெரியாது. இவை கூடப் பரவாயில்லை, விழுந்த சத்தமாவது கேட்கும் என்பாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக ஒரு பதிலைச் செய்து தரும் மெத்தட் இருக்கிறதே, அதைத்தான் அவளுக்குப் பிடிக்காது.

அக்கா புருஷனின் லாரி காணாமல் போனபோது இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

அத்தான் சிமெண்ட் லாரி ஓட்டினார். ஆலையில் மூட்டை ஏற்றி, மலை தாண்டி, துறைமுகக் கிடங்கில் இறக்கிவிட்டுத் திரும்புவார். போக ஒரு நாள், வர ஒரு நாள், வருஷம் முழுக்க அதே ஓட்டம். பேச்சு குறைவு, குளியல் அதிகம். வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீர் தயாராக இருக்க வேண்டும், சிமெண்ட் தூசி போகிற வரைக்கும் யாரோடும் உட்கார மாட்டார். அடைமழை நாள் ஒன்றில் ஆலையிலிருந்து கிளம்பியவர் வரவில்லை.

முதல் நாள் யாரும் கவலைப்படவில்லை. லாரிக் கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் திரை இருந்தது, திரையில் அவர் வண்டி ஒரு பச்சைப் புள்ளியாக ஓடிக்கொண்டிருந்தது. மலை ஏறியது, இறங்கியது, பாலம் தாண்டியது, கிடங்கு வாசலுக்கு வந்து 'சேர்ந்தது' என்றும் காட்டிவிட்டது. கிடங்குக்காரர்கள்தான் போன் செய்து வண்டி எங்கே என்று கேட்டார்கள். புள்ளி அதற்குள் திரும்பி ஆலையைப் பார்த்து ஓட ஆரம்பித்திருந்தது. விஷயம் போலீஸுக்குப் போயிற்று. சுங்கச்சாவடியில் இரண்டு போலீஸ்காரர்கள் குறுக்கே நின்றார்கள். புள்ளி அவர்கள் மேலேயே ஏறிப் போனதாகத் திரை காட்டியது. சாலையில் ஒரு சைக்கிள்கூட வரவில்லை. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கடைசியில் நிலைத்தது ஒன்றுதான்: வாசல் வரைக்கும் வந்தவன் சரக்கோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான், வண்டியில் இருந்த இடம் காட்டும் கருவியைக் கழற்றி வேறெதிலோ மாட்டிவிட்டான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அக்கா ஒரு தையல் கூடத்தில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கும் வேலை பார்த்தாள். பக்கத்து மிஷின்காரி ஒருத்தி, வீடு கட்டுவதாக இருந்தால் அக்காவிடம்தான் சிமெண்ட் சொல்லிவைக்க வேண்டும் என்று எல்லோர் காதும் கேட்கச் சொன்னாள். அக்கா நூலைக் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. தங்கை ஆறுதலுக்கு ஏதாவது சொல்லப் போனால், அதில் 'இருந்தார்' என்று வந்துவிட்டால் போதும், "இருக்கார்" என்று திருத்துவாள். அவ்வளவுதான் அதைப் பற்றிய பேச்சு.

ஒன்றரை வருஷம் ஓடியது. அந்த லாரிக் கம்பெனிக்கு நிரல் எழுதிக் கொடுத்த பழைய நிறுவனம் அதற்குள் கடையைக் கட்டிவிட்டுப் போயிருந்தது. பராமரிக்க ஆள் தேடி, வேலை கடைசியில் டயர் கடை மாடிக்கு வந்தது. முதலாளி அதை அவள் மேஜையில் வைத்தார். அது யார் வண்டிகள் என்று அவருக்குத் தெரியும். வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா என்றும் கேட்டார். அவளே வேண்டாம் என்றாள். வேலை பெரிதில்லை என்றார் முதலாளி. பழைய திரை பார்க்க அசிங்கமாக இருக்கிறது, நிறத்தை மாற்று, எழுத்தைப் பெரிதாக்கு, வார முடிவில் கொடுத்துவிடு. ஒரு நிபந்தனை மட்டும் அந்தக் கம்பெனி ஆரம்பத்திலிருந்தே வைத்திருந்தது: திரை காலியாக இருக்கக் கூடாது. எந்த வண்டியைக் கேட்டாலும் ஒரு புள்ளி தெரிய வேண்டும். புள்ளி இல்லையென்றால் சரக்குக்காரன் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசுவான்.

அவள் திரையைத் திறந்தாள். தேநீர்க் கோப்பை கையில் இருந்தது. வண்டி எண்களின் வரிசையில் கண் ஓடியது, ஒரு எண்ணில் நின்றது. அக்காவுக்கு ஒரு மகன் இருந்திருந்தால் பள்ளிப் பாடம்போல ஒப்பிக்கும் அளவுக்கு அந்த வீட்டில் சொல்லிப் பழகிய எண். அக்காவுக்குப் பிள்ளை இல்லை, அதனால் அக்காவே ஒப்பிப்பாள். எண்ணுக்கு நேரே பச்சைப் புள்ளி. மலைப்பாதையின் மூன்றாவது வளைவில், ஏற்றத்தில் வண்டிகள் திணறும் வேகத்தில், மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். புள்ளி வளைவைத் தாண்டியது. உச்சியில், தேநீர்க் கடைகள் இருக்கும் இடத்தில், கொஞ்சம் நின்றது. லாரிக்காரர்கள் எல்லோரும் நிற்கும் இடம் அது. பிறகு இறக்கத்தில் வேகம் பிடித்தது.

கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தாள். அங்கே பல வருஷமாகத் திரை பார்க்கும் மனிதர் ஒருவர் உண்டு, வாய்த்துடுக்கு ஜாஸ்தி. அந்த எண்ணைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"அதுவா? அது பேய் வண்டிம்மா. கண்டுக்காதீங்க. வழக்கு முடியற வரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அதான் ஓடிக்கிட்டே இருக்கு. புதுசா வேலைக்கு வர்றவனுக்கெல்லாம் அதைத்தான் முதல்ல காட்டுவோம்."

தான் யார் என்று அவள் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு நிரலுக்குள் போனாள்.

வண்டி என்ற பொருளிடம் 'எங்கே' என்று ஒரு மெத்தட் இருந்தது. இடம் தருவேன் என்று வாக்கு. இடம், வேறொன்றும் இல்லை. கருவியிலிருந்து இடம் வந்தால் அதைத் தரும். மலையில் சுரங்கப்பாதைகள் உண்டு. அதற்குள் போனால் கருவிக்கு வானம் தெரியாது, இடமும் தெரியாது. அப்போது என்ன செய்வது? எழுதியவர் கெட்டிக்காரர். அதே ஓட்டத்தில் முன்பு போன பயணங்களின் சராசரி வேகத்தை எடுத்து, இந்நேரம் வண்டி இங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு அந்த இடத்தைத் தரும்படி செய்திருந்தார். அத்தான் உச்சியில் தேநீருக்கு நிற்பது உட்பட எல்லாம் கணக்கில் இருந்தது. சுரங்கத்துக்கு அது போதும். ஆனால் எவ்வளவு நேரம் வரைக்கும் இப்படிக் கணக்குப் போடலாம் என்று எங்கேயும் எழுதவில்லை. கருவி பேசாமல் போனால் ஆயுள் முழுக்கக் கணக்குப் போடும். கண்ட இடமும் கணித்த இடமும் ஒரே வகை, ஒரே பச்சை. வாங்குகிறவனுக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. ஓட்டமும் நிரந்தர ஓட்டம். ஒரு பயணம் முடிந்தால் அடுத்தது தானே தொடங்கிவிடும்.

அன்றைக்கே சீக்கிரம் கிளம்பி அக்கா வீட்டுக்குப் போனாள். பேக்கரிக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை. கதவு தாழிடாமல் சாத்தியிருந்தது. உள்ளே அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒருத்திக்கு அவ்வளவு தண்ணீர் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மேஜை மேலிருந்த போனை எடுத்துப் பார்த்தாள். லாரிக் கம்பெனி ஓட்டுநர்களின் வீடுகளுக்கு அனுப்பும் செய்தி: தங்கள் வண்டி பத்திரமாகச் சேர்ந்தது. அதற்கு மேலே அதே வரி. அதற்கும் மேலே அதே வரி. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

"எத்தனை நாளா வருதுக்கா இது?"

"அவர் போனதுலேர்ந்து."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"போலீஸ்ல சொன்னா போனைப் புடுங்கிட்டுப் போவான். உன்கிட்ட சொன்னா, மெஷின் அனுப்புதுன்னு சொல்லுவ."

"மெஷின்தானேக்கா அனுப்புது."

"பாத்தியா" என்றாள் அக்கா.

பிறகு, அடுப்பை அணைத்துவிட்டு, வாசல் பக்கம் பார்த்தபடி பேசினாள். செய்தி வந்தால் தண்ணீர் வைப்பாளாம். ஆறிய பிறகு தானே குளிப்பாளாம், வீணாக்கக் கூடாது பார். பைத்தியம் ஒன்றும் பிடிக்கவில்லை, கதவைத் தட்டிக்கொண்டு வந்து நிற்பார் என்றெல்லாம் நினைக்கவும் இல்லை. ஆனால் எங்கேயோ ஒரு வண்டி ஓடுகிறது, அது சேர்ந்தால் இவளுக்கு ஒரு சொல் வருகிறது. உலகத்தில் வேறு யார் இவளுக்கு ஒரு சொல் அனுப்புகிறார்கள்? தையல் கூடத்தில் அனுப்புவதா, போலீஸில் அனுப்புவதா? தங்கை புது வேலையாக அதை எடுத்திருக்கிறாள் என்றதும் அக்காவின் முகம் மாறியது.

"நீ மத்த வண்டி எல்லாத்தையும் மாத்திக்கோ. அது ஒண்ணுல மட்டும் கை வைக்காதடி."

அடுத்த நாள் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரன் தன் மெத்தட் ஒன்றைக் காட்ட வந்தான். பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். அவன் உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஒரு வண்டிக்கு மட்டும் பழைய வழக்கம் என்று எழுதுவது கஷ்டமே இல்லை. ஒரு வரி போதும். எழுதினாள். அந்த ஒரு எண், அதற்கு மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டே இரு, பச்சையாகவே காட்டு. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, கண்டுபிடித்தாலும் வழக்கு இருக்கிறது என்று சொல்லலாம். வரியைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டு நேரம் போய்விட்டது. இன்னும் பத்து வருஷம் கழித்து அக்கா தலை நரைத்து அந்த அடுப்பின் முன் நிற்பது கண்ணில் வந்தது. வரியை அழித்தாள்.

முதலாளி கேட்டது நிறமும் எழுத்தும். அவள் தொட்டது ரிட்டர்ன் டைப்பை. 'எங்கே' என்ற கேள்விக்கு இனி மூன்று விதமாகத்தான் பதில் வரலாம்: கண்ட இடம், எப்போது கண்டது என்பதோடு சேர்த்து; கணித்த இடம், கடைசியாகக் கண்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதோடு சேர்த்து, அதுவும் சுரங்கம் தாண்டும் நேரம் வரைக்கும்தான்; அதற்கு மேல் போனால், தெரியாது. மூன்றையும் ஒரே வகைக்குள் அடைத்தாள். வாங்குகிறவன் பிரித்துப் பார்க்காமல் பயன்படுத்த முடியாதபடி மூடினாள்.

சேமித்ததும் நிரல் முழுக்கச் சிவப்புக் கோடு விழுந்தது. 'எங்கே' என்று கேட்டுவிட்டு வந்த பதிலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப்போன ஒவ்வொரு இடமும் இப்போது கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றது. அவள் ஒவ்வொன்றாகப் போனாள். வரைபடத் திரை. டீசல் கணக்கு. வீட்டுக்குச் செய்தி அனுப்பும் பகுதி. அது இனி கண்ட இடமாக இருந்தால்தான் 'சேர்ந்தது' என்று சொல்லும்படி மாற்றினாள், விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு, அடியில், யாரும் வருஷக்கணக்காகத் திறக்காத ஒரு மூலையில், பயணப்பாதை அறிக்கை. போலீஸ் கேட்டால் அச்சிட்டுக் கொடுப்பது அதைத்தான். அதுவும் சிவப்பாக நின்றது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. போலீஸ் கையில் இருக்கும் பாதையும் இந்த மெத்தட்டைக் கேட்டு எழுதியதுதான். கிடங்கு வாசல் வரை அத்தானைக் கொண்டுவந்து நிறுத்தியது இந்த மெத்தட்தான்.

கருவி அனுப்பிய பழைய தகவல்கள் அப்படியே இருந்தன, யாரும் தொடாமல். அந்த மழை நாளை எடுத்துப் புது மெத்தட்டிடம் கொடுத்தாள். ஆலை வாசல், கண்ட இடம். எடைமேடை, கண்ட இடம். நெடுஞ்சாலை, கண்ட இடம், கண்ட இடம். பழைய கல்குவாரியை ஒட்டிச் சாலை குறுகும் இடம் வந்தது. அங்கே கண்டது. அதற்கப்புறம் கருவி பேசியிருக்கிறது, ஆனால் இடம் சொல்லவில்லை. 'வேலை செய்கிறேன், இடம் தெரியவில்லை' என்றது. மறுபடி 'வேலை செய்கிறேன், இடம் தெரியவில்லை.' வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்துவிட்டு ஓய்ந்துவிட்டது. அது தெரியாது என்று சொல்லச் சொல்ல, திரையில் வண்டி மலை ஏறிக்கொண்டிருந்தது.

மலையே ஏறவில்லை. பாலம் தாண்டவில்லை. தேடினவர்கள் எல்லோரும் மலைக்கு அந்தப் பக்கம் தேடியிருக்கிறார்கள்.

இந்த முறை அக்கா வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். அக்கா ஒரு சட்டைக்கைக்குப் பொத்தான் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி பாதியில் நின்றது.

"வாசல் வரைக்கும் வந்தாருன்னு சொன்னாங்களே."

"வரலக்கா. குவாரி வரைக்கும்தான் பாத்தது. அதுக்கப்புறம் தெரியாது."

அக்கா கேட்டது வேறு. "அப்போ அவர் சரக்கை விக்கல?"

"இல்லக்கா."

அக்கா ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டாள். "போய்ச் சொல்லு" என்றாள்.

சொல்லப் போனபோது முதலாளி கூடவே வந்தார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. நிறம் மாற்றச் சொன்னால் வண்டியையே மாற்றியிருக்கிறாயே என்று வழி நெடுகப் புலம்பினார். கன்ட்ரோல் ரூம் என்பது ஜன்னல் இல்லாத நீள அறை. சுவர் முழுக்கத் திரை, நாலைந்து பேர், ஊறுகாய் டப்பா அளவில் ஒரு மின்விசிறி. லாரிக் கம்பெனி மேலாளரும் வந்திருந்தார். அவள் புதிய நிரலை அவர்கள் திரையில் ஓடவிட்டாள்.

எல்லாரும் பேய் வண்டியைத்தான் பார்த்தார்கள். அது பாலத்தின் நடுவில் இருந்தது. சட்டென்று அங்கே இல்லை. மலைக்கு இந்தப் பக்கம், குவாரி ஓரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் வந்து நின்றது. கீழே எழுத்து: கடைசியாகக் கண்டது இங்கே. அசையவில்லை.

மேலாளர் திரை காலியாக இருக்கக் கூடாது என்று ஆரம்பித்தார், பாதியில் விட்டுவிட்டார். பேய் வண்டி என்று பேர் வைத்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். விரலால் அந்த வட்டத்தைத் தொட்டார்.

"தினம் அந்த வழியாத்தான் பஸ்ல வர்றேன்" என்றார்.

கல்லுடைத்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி ஏரிபோல் கிடந்தது, மேலே பாசி. முக்குளிப்பவர்கள் இரண்டாவது முறை இறங்கியபோதே, வண்டி இருக்கிறது என்று கையைத் தூக்கினார்கள். கிரேன் வந்தது, ஆனால் வண்டி வரவில்லை. மூட்டை மூட்டையாக இருந்த சிமெண்ட் தண்ணீர் குடித்து ஒரே பாறையாக இறுகி, லாரியைத் தனக்குள் பிடித்து வைத்திருந்தது. சங்கிலி அறுந்தது. கடைசியில் ஓட்டுநர் அறையை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அக்காவைத் தூரத்தில், போலீஸ் வண்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். தங்கைதான் கிட்டப் போய் அடையாளம் சொன்னாள். சட்டை, கைக்கடிகாரம் பார்த்துச் சொன்னாள். திரும்பும்போது இன்னொன்றும் பார்த்தாள். ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. கையால் சுற்றி இறக்கும் பழைய காலத்துக் கண்ணாடி அது. பள்ளத்தில் வண்டி கிடந்த இடத்தில் கல்சுவர் அதை ஒட்டியே இருந்தது என்று முக்குளித்தவர்கள் சொன்னார்கள்.

அங்கிருந்து அவள் அக்காவிடம் நடந்து வந்த தூரம் கொஞ்சம்தான். கருவி திரும்பத் திரும்பச் சொன்னது காதில் ஓடிக்கொண்டிருந்தது. வேலை செய்கிறேன், இடம் தெரியவில்லை. கருவி ஓட்டுநர் அறையில், கூரைக்கு அடியில் மாட்டியிருப்பது. தண்ணீர் அதுவரைக்கும் ஏற வெகுநேரம் ஆகியிருக்கிறது.

திருட்டு வழக்கை முடித்தார்கள். மேலாளர் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். தையல் கூடத்தில் பக்கத்து மிஷின்காரி அக்காவின் பங்குச் சட்டைகளையும் ஒரு வாரம் சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள். செய்தி வருவது நின்றுவிட்டது. அக்கா போனைத் திருப்பிக் கவிழ்த்து வைப்பாள், கொஞ்ச நேரத்தில் நிமிர்த்துவாள்.

எல்லோரும் வந்து போய் ஓய்ந்த பிறகு ஒரு மதியம், இருவரும் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தானுடையவை. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள். கீழே பேக்கரியில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம். அக்கா ஒரு பனியனை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"உன் மெஷின் எல்லாத்தையும் சொல்லுது. ஒண்ணு கேக்கறேன், சொல்லு" என்றாள். "விழுந்ததும் உடனே போயிட்டாரா?"

தங்கை கையிலிருந்த சட்டையின் காலரை நேராக்கினாள். இந்தக் கேள்விக்கு என்ன வகைப் பதில் தர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கண்டது இது, கணித்தது இது, மீதி தெரியாது. வாழ்க்கை முழுக்க மற்றவர்களிடம் அதைத்தான் கேட்டிருக்கிறாள். அக்கா தலை நிமிரவில்லை. பனியனைத் தடவும் கை மட்டும் நின்றிருந்தது.

"உடனேதான்க்கா."

"தெரியுமா?"

"தெரியும்."

அக்கா தலையை ஆட்டினாள். பனியனை நாலாக மடித்து, வைத்துக்கொள்ளும் பக்கம் வைத்தாள். அடுத்த துணியை எடுத்தாள். நம்பினாளா என்று தங்கை கேட்கவில்லை.